எலியட் கவுண்டியின் 36 தேர்தல்கள்: அமெரிக்கத் தேர்தலைத் தமிழில் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணைய இதழ்கள் ஆகியவற்றின் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியர்களுக்கு,

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் தொடக்கத்தில், நீங்கள் ஒரு வரைபடம் போடுகிறீர்கள். இரு கடலோரங்களிலும் ஜனநாயகக் கட்சியின் கொஞ்சம் நீலம், நடுவில் விரித்துப்போட்ட குடியரசுக் கட்சியின் சிவப்புக் கம்பளம். அதன் அடியில் ஏறத்தாழ ஒரே வாசகம்: "கிராமப்புற அமெரிக்கா வழக்கம்போல் குடியரசுக் கட்சியின் பக்கம்." 2016-இல் படித்தோம், 2020-இல் படித்தோம், 2024-இலும் படித்தோம். அந்த 'வழக்கம்போல்' என்ற ஒரு சொல்லை எதிர்த்துத்தான் இந்த மடல்.

எந்த வழக்கம்? யாருடைய வழக்கம்? எத்தனை ஆண்டு வழக்கம்? ஒரே ஒரு கவுண்டியின் (மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சி நிர்வாகப் பகுதியின்) கணக்கை முழுதாக எடுத்துப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், அப்பலேசிய மலைப்பாங்கில் எலியட் கவுண்டி இருக்கிறது. மோர்கன், லாரன்ஸ், கார்ட்டர் என்ற மூன்று கவுண்டிகளிலிருந்து துண்டுகளை எடுத்து 1869-இல் உண்டாக்கியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7,354 பேர். தலைமை ஊரின் பெயர் சாண்டி ஹூக். (2012-இல் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு நடந்த சாண்டி ஹூக் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ளது. இரண்டும் வேறு. கோப்புப் படம் தேடுகிறவர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

இந்தக் கவுண்டி வாக்களித்த முதல் அதிபர் தேர்தல் 1872. அந்த ஆண்டு தொடங்கி 2012 வரை 36 தேர்தல்கள். முப்பத்தாறிலும் ஜனநாயகக் கட்சிதான். இடையில் ஒருமுறைகூடக் குடியரசுக் கட்சி இங்கே முந்தியதில்லை. 1928-இல் கத்தோலிக்கர் என்பதற்காகவே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் ஸ்மித்தைத் தெற்கின் பல பகுதிகள் கைவிட்டன. எலியட் கைவிடவில்லை. 1972-இல் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். எலியட்டில் அவரை எதிர்த்த மெக்கவர்னுக்கு நூற்றுக்கு 65 வாக்கு. 1984-இல் ரீகனும் 49 மாநிலங்களை வென்றார். எலியட்டில் மாண்டேலுக்கு எழுபதுக்கும் மேல். 2004-இல் கென்டக்கி மாநிலம் புஷ்ஷுக்கு அள்ளிக் கொடுத்தது. எலியட் கெர்ரிக்கு ஏறத்தாழ எழுபது விழுக்காடு கொடுத்தது. ஊர் முழுக்கக் கிராமம், மக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். உங்கள் வரைபடத்தின் இலக்கணப்படி பார்த்தால் இது நடந்திருக்கவே கூடாது.

பிறகு என்ன ஆனது என்பதைச் சதவீதத்தில் சொன்னால் பாதிதான் புரியும். வாக்குகளாகவே தருகிறோம், முதலில் ஜனநாயகக் கட்சி, பிறகு குடியரசுக் கட்சி. 2008: ஒபாமா 1,535, மெக்கெய்ன் 902. 2012: ஒபாமா 1,186, ராம்னி 1,126. 2016: கிளின்டன் 740, டிரம்ப் 2,000. 36 தேர்தல் நீண்ட தொடர் 2016-இல் அறுந்தது. அறுந்த வேகத்தில் டிரம்புக்குக் கிடைத்தது 70 விழுக்காடு. 2020-இல் அது முக்கால் பங்கை ஒட்டி வந்தது.

"டிரம்ப் அலையில் ஒரே இரவில் கவிழ்ந்த கோட்டை" என்று எழுதத் தோன்றும். மேலே உள்ள ஆறு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். 2012-இல் ஒபாமா இங்கே வென்றது 60 வாக்கு வித்தியாசத்தில். நான்கு ஆண்டுக்கு முன் அவருக்கிருந்த முன்னணி 633. அதாவது சரிவின் முதல் கட்டம், டிரம்ப் வேட்பாளராவதற்கு நான்கு ஆண்டு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதே 2012 மே மாதம் கென்டக்கியில் நடந்த ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில்), பதவியில் இருந்த அதிபரை எதிர்த்து 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தில் மாநில அளவில் 42 விழுக்காட்டினர் குறியிட்டிருந்தார்கள். எச்சரிக்கை மணி நன்றாகவே அடித்தது. ஆனால் கவுண்டியின் நிறம் நீலமாகவே இருந்ததால் வரைபடத்தில் அது தெரியவில்லை. 60 வாக்கில் வென்றாலும் நீலம், 600 வாக்கில் வென்றாலும் நீலம். வண்ணத்தின் குறையே இதுதான்.

இன்னொரு கணக்கும் அந்த எண்களுக்குள் கிடக்கிறது. 2012-இலிருந்து 2016-க்கு ஜனநாயகக் கட்சி இழந்தது 446 வாக்கு. குடியரசுக் கட்சி கூடுதலாகப் பெற்றது 874. இழந்ததெல்லாம் அப்படியே எதிர்ப்பக்கம் போயிருந்தாலும் 428 வாக்கு மிச்சம் நிற்கிறது. மொத்த வாக்குப்பதிவு சுமார் 2,400-இலிருந்து சுமார் 2,850-க்கு ஏறியதைப் பார்த்தால் அந்த மிச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: முந்தைய முறை வீட்டில் இருந்தவர்கள் இந்த முறை வந்திருக்கிறார்கள். "கட்சி மாறினார்கள்" என்று எழுதுவது ஒரு செய்தி. "புதிதாக வந்தார்கள்" என்று எழுதுவது வேறு செய்தி. கூட்டல் கழித்தல் போடாமல் எது என்று சொல்ல முடியாது. போட்டாலும் தனி மனிதர் யார் எங்கே போனார் என்பது தெரியாது, நிகர மாற்றம் மட்டுமே தெரியும். அந்த எல்லையையும் வாசகரிடம் சொல்லத்தான் வேண்டும்.

எலியட் ஏன் அவ்வளவு காலம் அப்படி இருந்தது என்பதற்கு, தென்மேற்கே சில கவுண்டிகள் தள்ளியுள்ள ஜாக்சன் கவுண்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே மலை, அதே வறுமை, அதே வெள்ளையர் பெரும்பான்மை, அதே மாநிலம். ஆனால் ஜாக்சனில் எந்த அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி வென்றதே இல்லை. 1936-இல் ரூஸ்வெல்ட் மெய்ன், வெர்மான்ட் இரண்டைத் தவிர எல்லா மாநிலங்களையும் வாரிக்கொண்டபோதும் ஜாக்சன் அசையவில்லை. இந்த வேறுபாட்டுக்கு வேர் 1861–65 உள்நாட்டுப் போரில் இருக்கிறது. போரில் ஒன்றியத்தின், அதாவது வடக்கின், பக்கம் நின்ற மலைக் கவுண்டிகள் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியோடு தங்கின. தெற்கின் பக்கம் சாய்ந்தவை ஜனநாயகக் கட்சியோடு தங்கின. தாத்தா எந்தக் கட்சியோ பேரனும் அந்தக் கட்சி என்று ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. 2012 வரை எதிரெதிர்த் திசையில் நின்ற இந்த இரண்டு கவுண்டிகளும் 2016-இல்தான் முதன்முதலாக ஒரே பக்கம் வந்தன. 'வழக்கம்போல்' என்கிறீர்களே, அது எலியட்டுக்குப் பொருந்தாது. ஜாக்சனுக்குப் பொருந்தும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

வேறு காரணங்களும் உண்டு. பர்லி வகைப் புகையிலை கிழக்குக் கென்டக்கிச் சிறு விவசாயிகளின் பணப்பயிர். ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கிய ஒதுக்கீட்டு முறை விலையைத் தாங்கிப் பிடித்தது. யார் எவ்வளவு விளைவிக்கலாம் என்பதையும் அதுவே வரையறுத்தது. 2004 விளைச்சலோடு அந்த முறையை மூட்டை கட்டினார்கள். கட்சிக்கும் வயலுக்கும் இருந்த நேரடிக் கயிறு அதோடு அவிழ்ந்தது. அடுத்த பத்தாண்டில் நிலக்கரி வேலைகள் கரைந்தபோது அதற்கான பழி முழுவதும் வாஷிங்டன்மேல் விழுந்தது.

இதையெல்லாம் விட உங்கள் செய்தியாளர்களை அதிகம் தடுமாற வைப்பது கட்சிப் பதிவு. கென்டக்கியில் வாக்காளராகப் பெயர் சேர்க்கும்போதே எந்தக் கட்சி என்றும் பதிய வேண்டும். உட்கட்சித் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். மாற்றிக்கொள்ள விரும்பினால் முந்தைய ஆண்டு டிசம்பர் 31-க்குள் மாற்றிவிட வேண்டும். எலியட் போன்ற இடங்களில் ஷெரீப், கவுண்டி கிளார்க், கவுண்டி நிர்வாக நீதிபதி எல்லாப் பதவிக்கும் உண்மையான போட்டி ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே முடிந்துவந்தது. மாமன் மகன் ஷெரீபுக்கு நிற்கும்போது அவனுக்கு வாக்களிக்க வேண்டுமானால் ஜனநாயகக் கட்சியில் பதிந்திருந்தாக வேண்டும். அதனால் அதிபருக்கு டிரம்பைத் தேர்ந்தெடுத்தவர்களும் பதிவேட்டில் ஜனநாயகக் கட்சியினராகவே தொடர்ந்தார்கள். மாநிலம் முழுவதற்கும் குடியரசுக் கட்சிப் பதிவு முந்தியதே 2022 ஜூலையில்தான். பதிவேட்டை வைத்து "இங்கே ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை" என்று எழுதினால் தவறு. அதிபர் தேர்தலை மட்டும் வைத்து "இங்கே அந்தக் கட்சி செத்துவிட்டது" என்று எழுதினாலும் தவறு: 2019 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் எலியட்டில் வென்றார்.

இங்கே நீங்கள் ஒன்று சொல்லலாம்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எலியட்டை மட்டும் எடுத்து நாங்களும் அதே தவறைச் செய்கிறோம் என்று. நியாயமான கேள்வி. ஒரே பானையில் வெந்த சோறாக இருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். அமெரிக்காவில் கவுண்டிகளும் கவுண்டிக்குச் சமமான அலகுகளுமாக 3,140-க்கு மேல் இருக்கின்றன. எல்லாம் வேறு வேறு அடுப்பு. டெக்சாஸின் தென்கோடிக்குப் போவோம்.

ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, ஸ்டார் கவுண்டி. (தமிழில் எழுதினால் நட்சத்திரம் என்று படித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இன்னொரு ஆர் உண்டு, அது ஒருவரின் குடும்பப் பெயர்.) 2020-இல் மக்கள்தொகை 65,920. நூற்றுக்கு 95-க்கும் மேல் ஹிஸ்பானியர் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்). 1896-இலிருந்து 2020 வரை 32 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சி. 2024-இல் டிரம்ப் வென்றார். 1892-க்குப் பிறகு இங்கே வென்ற முதல் குடியரசுக் கட்சி வேட்பாளர் அவர்.

எண்கள்: 2016 – கிளின்டன் 9,289, டிரம்ப் 2,224. 2020 – பைடன் 9,123, டிரம்ப் 8,247. 2024 – ஹாரிஸ் 6,862, டிரம்ப் 9,487.

எலியட்டின் கதையும் இதுவும் ஒன்றல்ல என்பது இந்த மூன்று வரியில் தெரிகிறது. 2016-க்கும் 2020-க்கும் இடையில் ஜனநாயகக் கட்சி இழந்தது வெறும் 166 வாக்கு. குடியரசுக் கட்சி கூட்டியது 6,023. பழைய வாக்கு ஏறக்குறைய அப்படியே இருக்க, அதன் மேல் புதிய வாக்கு வந்து குவிந்தது. இரண்டாவது கட்டத்தில்தான், 2020-க்கும் 2024-க்கும் இடையில், ஜனநாயகக் கட்சியின் எண்ணிக்கை 2,261 குறைந்தது. குடியரசுக் கட்சிக்கு ஏறியது 1,240 மட்டுமே. மீதிப் பேரில் பலர் வாக்களிக்கவே வரவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. முதல் கட்டத்தில் சேர்ப்பு, இரண்டாம் கட்டத்தில் கசிவு. "ஹிஸ்பானியர்கள் கட்சி மாறினர்" என்ற ஒற்றை வரி இந்த இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது.

விதி மாற்றம் ஒன்றும் இடையில் வந்தது. டெக்சாஸில் 2018 வரை வாக்குச்சீட்டின் உச்சியில் கட்சியின் பெயருக்கு நேரே ஒரே ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளருக்கும் வாக்கு விழுந்துவிடும். 2020 தேர்தலிலிருந்து அது கிடையாது, ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியே குறி போட வேண்டும். பரம்பரையாக ஒரே கட்சிக்குக் குத்திப் பழகிய கவுண்டியில் இப்படி ஒரு விதி மாறும்போது, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அடிக்குறிப்பு இல்லாமல் ஒட்டிவைக்கக் கூடாது. இன்னொன்று: 2024-இல் அதே நாளில், ஸ்டார் கவுண்டியும் சேர்ந்த 28-ஆம் காங்கிரஸ் தொகுதி (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி) ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவெயாரை மறுபடியும் அனுப்பியது.

சதவீதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்டாரில் டிரம்பின் பங்கு எட்டு ஆண்டில் 18.9-இலிருந்து 57.7-க்குப் போனது. இதை "38 சதவீதம் உயர்வு" என்று எழுதுவது பிழை. உயர்ந்தது 38.8 விழுக்காட்டுப் புள்ளி. வாக்காகக் கணக்கிட்டால் நான்கு மடங்குக்கும் மேல். முன்னணி எவ்வளவு மாறியது என்று கேட்டால் விடை இன்னொன்று: 60 புள்ளி பின்தங்கியிருந்தவர் 16 புள்ளி முந்தினார், ஆக 76 புள்ளி. மூன்றும் சரியான எண்தான். எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால் மூன்றும் பொய்யாகிவிடும்.

1965-க்கு முந்தைய வரலாற்றைத் தொடும்போது கட்சிப் பெயரை மட்டும் நம்பினால் பெரிய பள்ளத்தில் விழுவீர்கள். அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டி பருத்தி விளைந்த கருமண் பூமி. 1965 தொடக்கத்தில் மக்களில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1964 அதிபர் தேர்தலில், ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் பதவியில் இருந்த அதிபருமான லிண்டன் ஜான்சனின் பெயரே அலபாமா வாக்குச்சீட்டில் இல்லை. 1948-இல் ட்ரூமனுக்கும் அங்கே அதே கதி. 1965 ஆகஸ்ட் 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. பின்னாளில், 2012-இலும் 2020-இலும், லவுண்டஸில் ஜனநாயகக் கட்சிக்கு எழுபது விழுக்காட்டுக்கு மேல். அன்று வெள்ளையர் மட்டும் வாக்களித்த கவுண்டியும் இன்றைய கவுண்டியும் பெயரால் ஒன்று. அந்தக் கவுண்டியின் "வாக்களிப்பு வரலாறு" என்று ஒரு கோடு இழுத்தால், கோட்டின் முன்பாதி வாக்களிக்க விடப்படாதவர்களை மறைக்கிறது. உங்கள் சிவப்புக் கம்பளத்தில் இதுவும் ஒரு கிராமப்புறம்தான். பைன் ரிட்ஜ் பழங்குடிப் பகுதிக்குள் அமைந்த, தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோட்டா கவுண்டியும் கிராமப்புறம்தான். அங்கே 2012-இல் ஒபாமாவுக்குத் தொண்ணூறுக்கும் மேல்.

வரைபடத்தின் நிறமே சமீபத்தது. 1980-இல் என்பிசி தொலைக்காட்சி ரீகன் வென்ற மாநிலங்களுக்குப் பூசியது நீலம். இன்றைய சிவப்பு–நீல ஒழுங்கு நிலைத்தது 2000 தேர்தலோடு. பழைய வரைபடத்தை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் கட்சிகளைத் தலைகீழாக்கிவிடும் ஆபத்து உண்டு. பரப்பும் ஏமாற்றும். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 64 பேர். அது வரைபடத்தில் பெரிய பரப்பாகத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர்.

இங்கேதான் 'மாவட்டம்' என்ற சொல் வாசகரை வழிதவற வைக்கிறது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், பெரும்பாலானவற்றில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள். "கென்டக்கியின் எலியட் மாவட்டம்" என்று படிக்கிறவர் மனத்தில் திண்டுக்கல் அளவில் ஒன்று தோன்றும். 7,354 பேர் என்றால் நம் ஊரில் ஓர் ஊராட்சி. போதாக்குறைக்கு, நாடாளுமன்றக் கீழவைக்கு உறுப்பினரை அனுப்பும் பகுதியையும் சில செய்திகளில் 'மாவட்டம்' என்கிறீர்கள். ஒரே பத்தியில் இரண்டும் வந்த செய்திகளும் உண்டு. அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் கவுண்டிக்கு என்று தனி எடை ஏதும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் மாநிலம் மொத்தத்துக்குமாக ஒதுக்கப்படுகிறார்கள். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் காங்கிரஸ் தொகுதிவாரியாகவும் பிரிக்கின்றன. கவுண்டி என்பது எண்ணுகிற இடம். நம்மூரில் படிவம் 20-ஐ வைத்துச் சாவடி வாரியாகக் கணக்குப் பார்ப்பதுபோல, ஊரின் மனத்தை அறிய உதவும் அலகு. வெற்றி தோல்வியை அது நிர்ணயிப்பதில்லை.

'முன்னறிவிக்கும் கவுண்டி' என்ற சோதிடப் பெட்டிச் செய்தியையும் விட்டுவிடுங்கள். 1980 முதல் 2016 வரை எல்லா முறையும் வென்றவருக்கே வாக்களித்த கவுண்டிகள் 19 இருந்தன. 2020-இல் பதினெட்டு தவறின. மிஞ்சியது வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் கவுண்டி ஒன்று. 2024-இல் அது ஹாரிஸுக்கு வாக்களித்ததோடு அந்தப் பெருமையும் போயிற்று. மூவாயிரத்துக்கும் மேல் கவுண்டிகள் இருந்தால் பத்துத் தேர்தலில் தற்செயலாகவே சில பொருந்தத்தான் செய்யும். லாட்டரியில் பரிசு விழுந்தவரிடம் அடுத்த எண்ணைக் கேட்பதுபோன்றது இது. மாறாக அயோவாவின் ஹோவர்ட் கவுண்டியைப் பற்றி எழுதினால் பயனுண்டு: 2012-இல் ஒபாமாவுக்கு இருபது புள்ளிக்கு மேல் முன்னணி, 2016-இல் டிரம்புக்கும் இருபது புள்ளிக்கு மேல். நாட்டிலேயே இப்படிப் புரண்ட கவுண்டி அது ஒன்றுதான். இருமுறை ஒபாமாவையும் பிறகு டிரம்பையும் தேர்ந்தெடுத்த கவுண்டிகள் மொத்தம் 206, அவற்றில் 31 அயோவாவில்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய். கிழக்குக் கென்டக்கியில் வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடியும்போது நமக்கு மறுநாள் காலை 4:30. டெக்சாஸின் பெரும்பகுதிக்கு 6:30. முதல் கவுண்டி எண்கள் உங்கள் மேசைக்கு வரும் நேரம் அது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஒருவருக்கு இரண்டு நாள் ஒதுக்கி, பத்துக் கவுண்டிகளுக்காவது பட்டியல் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆண்டு, இரு கட்சி வாக்கு, பிறர் வாக்கு, மொத்தம், முன்னணி என்ற ஐந்து பத்தி போதும். கடைசி ஐந்து தேர்தல்கள் இருக்கட்டும். எண்களைக் கென்டக்கிக்கு மாநிலத் தேர்தல் வாரியத்திலிருந்தும் டெக்சாஸுக்கு மாநிலச் செயலரிடமிருந்தும் எடுக்க வேண்டும், பிற ஊடகத்தின் வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. மக்கள்தொகையோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் சிறைச்சாலை இருக்கிறதா என்று பாருங்கள்: எலியட்டில் மாநிலச் சிறை ஒன்று உண்டு, உள்ளே இருப்பவர்கள் மக்கள்தொகைக் கணக்கில் வருவார்கள், வாக்குச்சாவடிக்கு வரமாட்டார்கள்.

பட்டியல்களை இணைக்கும்போது சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஷானன் கவுண்டி 2015-இல் ஓக்லாலா லகோட்டா ஆனபோது பெயரோடு குறியீட்டு எண்ணும் 46113-இலிருந்து 46102 ஆனது. பழைய எண்ணில் தேடினால் அந்தக் கவுண்டியே காணாமல் போகும். அலாஸ்காவில் முடிவு கவுண்டிவாரியாக வராது, மாநில அவைத் தொகுதிவாரியாக வரும். லூசியானாவில் கவுண்டிக்குப் பெயர் பாரிஷ். வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனியே நிற்கும். கனெக்டிகட்டின் எட்டுக் கவுண்டிகளுக்குப் பதில் மக்கள்தொகைத் துறை இப்போது ஒன்பது திட்டப் பகுதிகளைப் பயன்படுத்துகிறது. ஜாக்சன் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கவுண்டி இருப்பதால் மாநிலப் பெயர் இல்லாமல் எந்தக் கவுண்டியையும் அச்சேற்றாதீர்கள்.

கவுண்டியைக் கவுண்டி என்றே எழுதுங்கள், காங்கிரஸ் தொகுதியைத் தொகுதி என்று எழுதுங்கள். சதவீதம் தரும் இடத்தில் வாக்கு எண்ணிக்கையையும் தாருங்கள். வரைபடம் போட்டே ஆக வேண்டுமென்றால் வாக்கு எண்ணிக்கைக்கேற்ற வட்டங்களாகப் போடுங்கள், குறைந்தது முன்னணிக்கேற்ப நிறத்தின் அடர்வையாவது மாற்றுங்கள். அமெரிக்காவில் நம்மூர்போல் சுற்றுச் சுற்றாக எண்ணுவதில்லை. டெக்சாஸில் முதலில் வருவது முன்கூட்டியே பதிவான வாக்குகளின் தொகை, தேர்தல் நாள் வாக்கு பின்னால் வரும். ஆகவே அன்றிரவு போடும் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எண்ணப்பட்ட அளவையும் குறியுங்கள். சில வாரம் கழித்துச் சான்றளிக்கப்பட்ட எண் வந்ததும் இணையப் பக்கத்தைத் திருத்துங்கள். திருத்தியதையும் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

கடைசியாக, 2016, 2020, 2024 ஆண்டுகளின் உங்கள் இணையக் காப்பகத்தில் "கிராமப்புற அமெரிக்கா வழக்கம்போல்" என்று தேடிப் பாருங்கள். கிடைக்கிற ஒவ்வொரு செய்தியிலும் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, கீழே எலியட் கவுண்டியின் இந்த ஆறு எண்களைத் தேதியோடு சேருங்கள்: 1,535–902, 1,186–1,126, 740–2,000.

இப்படிக்கு,
உங்கள் தேர்தல் பக்கங்களை எண் விடாமல் படிக்கும் வாசகர்கள்